முளைக்காத பாத்தி

"இந்தப் பாத்தியைத் திரும்பக் கொத்து" என்றாள் காசியம்மாள்.

பச்சையம்மா மண்வெட்டியைக் கீழே போட்டாள். "இன்னா பெரிம்மா, நாலாவது வாட்டி! இன்னும் கொத்தினா பாதாளம்தான் வரும்."

"மழை வந்தா தண்ணி நிக்கும். ஒரு சாண் உசரம் ஏத்து."

"மழைக்குள்ள முடிக்கணும்னுதான் நானும் தலையால அடிச்சிக்கறேன்!"

"கோவத்தைப் பாரு. மனசுல ஒண்ணு வந்தா போதும், உடனே மூஞ்சியில எழுதி ஒட்டிக்கறே" என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் நிமிர்ந்து காற்றைக் கவனித்தாள். ஏரி முகத்துவாரத்துக்கு வெளியே, கடலில் ஒரு கப்பல் நங்கூரமிட்டு நின்றிருந்தது.

புரட்டாசி பிறந்து இருபது நாளாகிவிட்டது. ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டைக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டியிருந்த துரைசானியின் தோட்டத்தில் மழைக்கு முந்தைய வேலைகள் அத்தனையும் அப்படியே கிடந்தன. ரோஜாச் செடிகளின் கிளைகளைக் கழிக்க வேண்டும். எலுமிச்சைக்கு எரு வைக்க வேண்டும். பாத்தி உயர்த்தி, துரைசானியின் நாட்டிலிருந்து வந்த கோசு விதையைப் போட வேண்டும்.

"விதை முளைக்கட்டும். உன்னை உன் ஊருக்கு அனுப்புவேன்" என்று துரைசானி சொல்லியிருந்தாள். பஞ்சத்தில் நைனா இரண்டு மரக்கால் அரிசி வாங்கிக்கொண்டு அவளை இங்கே விட்டுப்போன நாளிலிருந்து, பச்சையம்மாவின் காதில் விழுந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கொத்தினாள்.

ஆனால் இந்த ஆடியில் வேலைக்கு வந்த காசியம்மாள் எதையும் முடிய விடவில்லை. எரு காயவில்லை என்பாள். நாள் சரியில்லை என்பாள்.

துரைசானி குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். "ஏன் இத்தனை நாள்? போன வருஷம் லோகநாயகி. நல்ல பெண். சீக்கிரம் விதைத்தாள், சீக்கிரம் முளைத்தது. ஊருக்கு அனுப்பிவிட்டேன்."

"கேட்டியா பெரிம்மா?" என்றாள் பச்சையம்மா, அவள் போனதும். "அந்த லோகநாயகி கொடுத்து வெச்சவ. அவளுக்கு உன்னை மாதிரி ஒருத்தி வாய்க்கல."

காசியம்மாள் குனிந்து ரோஜாக் கிளையை வெட்டிக்கொண்டே இருந்தாள். வெட்ட வேண்டாத கிளையையும் வெட்டினாள்.

அவளை வெறுப்பது பச்சையம்மாவுக்கு ஒரு தெம்பாக இருந்தது. அது இல்லாவிட்டால் மண்வெட்டியைத் தூக்கவே முடியாதோ என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் வெட்கமாகவும் இருக்கும். தினமும் தன் கஞ்சியில் பாதியை அவளுக்கு ஊற்றித் தருபவளும் காசியம்மாள்தான்.

ஒருவழியாக விதை போட்டார்கள். ஐந்து நாள் ஆயிற்று. எட்டு நாள் ஆயிற்று. ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை.

ஒன்பதாம் நாள் உச்சிப்பொழுதில், தண்ணீர் எடுத்து வந்த பச்சையம்மா வேலியோரம் அப்படியே நின்றாள். பாத்தியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. காசியம்மாள் கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியை, ஒரு மூலை விடாமல், பாத்தி முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மா குடத்தைப் போட்டுவிட்டுத் துரைசானியிடம் ஓடினாள்.

பன்னிரண்டு பிரம்படி. எண்ணக்கூடாது என்று நினைத்தும் பச்சையம்மா எண்ணினாள். காசியம்மாள் ஏன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏழாவது அடியில் பச்சையம்மாவின் வெறுப்பு எங்கோ வடிந்துபோயிற்று. அது போன இடத்தில் வைக்க அவளிடம் எதுவும் இல்லை.

"நீ இப்போது போக முடியாது" என்றாள் துரைசானி எரிச்சலோடு. "இவள் கிடக்கிறாள். தோட்டத்துக்கு ஆள் இல்லை. மிச்ச விதையைப் போடு."

மூன்றாம் நாள் காற்று திரும்பியது. வடக்கிலிருந்து ஈரமாக வாடை அடித்தது. பச்சையம்மா பாத்தியைக் கொத்தி முடித்திருந்தாள். முதுகில் துணி உரசாமல் காசியம்மாள் மெல்ல நடந்து வந்து, அவள் பக்கத்தில் குந்தினாள்.

"கொடு விதையை. இந்த வாட்டி முளைக்கும்."

"என்னால அடி வாங்கினியே பெரிம்மா" என்றாள் பச்சையம்மா. "இன்னாத்துக்கு அப்படிச் செஞ்சே? நான் உனக்கு இன்னா பாவம் பண்ணேன்?"

கடல் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் ஒன்று கேட்டது. மரத்திலிருந்த காக்கைகள் கலைந்து பறந்தன.

காசியம்மாள் நெடுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். "கெளம்பிடுச்சி. வாடை வந்துட்டா இந்தக் கடல்ல கப்பல் நிக்காது. இனிமே தையிலதான் அடுத்தது."

"கப்பல் போனா எனக்கு இன்னா?"

"மழை வலுத்தா ஏரி ரொம்பும், தண்ணி இந்த வேலி வரைக்கும் வரும். கோட்டைக்குப்பத்துலேர்ந்து எந் தம்பி திருவேங்கடம் தோணி கொண்டாருவான். உன்னை உங்கம்மாகிட்ட சேர்த்துடுவான்."

"திருட்டுத்தனமா நான் ஏன் போகணும்? துரைசானியேதான் அனுப்பறேன்னு சொல்லுதே. லோகநாயகியை அனுப்பலியா?"

காசியம்மாள் கையிலிருந்த விதைகளை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டு, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"லோகநாயகி எம் மவ" என்றாள். "பாத்தி முளைச்ச அன்னிக்கே அவளை அனுப்பிட்டாங்க, இதே மாதிரிக் கப்பல்ல, அடிமையா."