தைரியம் கொடுத்தவள்

பெய்ரூட்டில் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் உரிமைக்காக, அங்கிருந்த ஓர் உதவி அலுவலகத்தில் ஆறு வருடம் போராடிவிட்டு, நிலுக்ஷி ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தாள். பூட்டிய வீடுகளிலிருந்து எத்தனையோ பெண்களை மீட்டவள் என்பதால் லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் அவளைப் பார்க்கத் திரண்டது.

"லீவு எத்தனை நாளு புள்ள?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"பார்ப்போங்க" என்று மழுப்பினாள். அடுத்து என்ன செய்வதென்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு ஜீவராணி முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே நுழைந்தாள்.

"எம் மக தயானியும் பெய்ரூட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டா. நேத்துதான் பிளேன் ஏறுனா."

நிலுக்ஷி பதறிப்போனாள். "என்னக்கா இது! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா நீ திட்டுவேன்னுதான் சொல்லல. பாஸ்போர்ட், விசா எல்லாம் சரியாகியும், போகவே கூடாதுன்னு நான்தான் தடுத்துக்கிட்டு இருந்தேன். ஒன்னைய நேர்ல பார்த்த பொறகுதான் தைரியம் வந்துச்சு."

"என்னையப் பார்த்தா?"

"ஆமா. ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒங்க ஆபீஸுக்கு அடிச்சா போதும்ல? நம்பரை மனப்பாடமா வச்சிருக்கா. நீயும் சீக்கிரமே அங்க போயிருவ. அப்புறம் எனக்கென்ன பயம்?"

நிலுக்ஷி ஜீவராணியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா... அந்த ஆபீஸை மூடிட்டாங்க. அதனாலதான் நான் வந்துட்டேன். அந்த நம்பருக்கு அடிச்சா இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க."