கைப்பிடி மண்

"அத்தான், படகு தெரியுது!"

மைத்துனன் கத்திய பிறகுதான் விழாக்குழுத் தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாட்டின் முதல் ராஜா இதே கரையில் வந்து இறங்கி ஆயிரம் வருடமாகிறது. அதை நடித்துக் காட்ட, வெளியூர் நாடகக்காரர்களைப் படகில் வரச் சொல்லியிருந்தார் தலைவர். விடிந்ததிலிருந்து ஊரே துறைமுகத்தில் நிற்க, வர வேண்டியவர்களை மட்டும் காணோம். போனையும் எடுக்கவில்லை. பாவம், மனுஷர் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

"காலை வாரிட்டாங்கன்னே நினைச்சேன்டா. இனிமே ஊர்ல தலைகாட்ட முடியுமா?"

படகு கரை தட்டியது. கந்தல் சட்டையோடு, ஈரம் சொட்டச் சொட்ட ஒருவன் இறங்கினான். பின்னாலேயே கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"என்ன அத்தான், கிரீடம் இல்ல, கத்தி இல்ல?"

"மண்டு! வந்து இறங்கினப்போ அவருக்கு ஏதுடா கிரீடம்? எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு, பெண்டாட்டி பிள்ளையோட உயிர் தப்பி வந்தவர்டா. அப்படி வந்தும் மனசு தளராம ஒரு ராஜ்ஜியத்தையே கட்டினார் பாரு, அதுக்குத்தான் இன்னிக்கும் கும்பிடறோம்."

"தண்ணி..." என்றான் அவன். குரல் கரகரத்தது.

"அடேயப்பா! முதல் வசனமே அசத்தறான்" என்று மைத்துனன் வாயைப் பிளந்தான். "உதடுகூட வெடிச்சிருக்கு பாருங்க. வேஷம்னா இது வேஷம்!"

ஊர்ப் பெரியவர் வேஷம் தலைவருக்கு. குவளையை நீட்டினார். அவன் வாங்கிக் குடிக்கவில்லை, மனைவியிடம் கொடுத்தான். இது நாடகத்தில் இல்லாதது. தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு கைப்பிடி மண் அள்ளி அவன் கையில் வைத்து, மைக்கில் முழங்கினார்: "இனி இது உங்க மண்ணு! இங்கேயே இருங்க!"

"இருங்க! இருங்க!" என்றது ஊர்.

அவன் விம்மி விம்மி அழுதான். கைதட்டலில் துறைமுகமே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தலைவரின் போன் அடித்தது.

"சார், நாடகக் குழு பேசறோம். மன்னிச்சுடுங்க! என்ஜின் மக்கர் பண்ணிடுச்சு, நாங்க இன்னும் கிளம்பவே இல்ல. சாயங்காலம் வந்து நடிச்சுக் கொடுத்துடட்டுமா?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். அவன் அந்த மண்ணை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தான்.

"நீங்க வர வேண்டாம்ப்பா" என்றார் தலைவர். "ராஜா வந்துட்டார்."