கதவின் தாழ்ப்பாள்

பின்னேர வெயில் டீவியின் பாதியை அழிப்பதால் றமீஸா எழுந்து திரைச்சீலையை இழுத்துவிடுகிறாள். பழைய வீடுகளைப் புதுப்பித்துக் காட்டும் நிகழ்ச்சி. கண்டிப் பக்கத்துப் பெரிய வளவு வீடு ஒன்றுக்குப் பழைய சாமான் கடையில் வாங்கிய கதவைப் பொருத்துகிறார்கள். பக்கத்து வீட்டு மார்ஜரியின் விரலிடையே பிஸ்கட் ஊறி, பிளேன்டிக் கோப்பைக்குள் உடைந்து விழுகிறது. கதவின் நெற்றியில் நெருக்கமாக ஆணித் துளைகள். ஒவ்வொரு குருத்து ஞாயிறும் மார்ஜரியின் அப்பா ரபாயேல் ஓலைச் சிலுவையை அறைந்த இடம் அது. "புதுக்கதவு ஒண்ணு போட்டா முடிஞ்சிச்சே" என்கிறார் றமீஸாவின் கணவர் ஸஹாப்தீன். "சும்மா இரிங்க, பழசுதான் லச்சணம். அந்த ஓட்டையள மட்டும் அடைச்சிட்டா இன்னும் நல்லா ஈக்கும்" என்கிறாள் றமீஸா. அவள் சொன்னது கேட்டதுபோல, தச்சன் மரத்தூளும் பசையும் குழைத்து ஒவ்வொரு துளையாக அடைத்துத் தேய்க்கிறான். எண்பத்து மூன்று ஜூலையில், மார்ஜரியின் வீட்டுக்குத் தீ வைக்குமுன் கும்பல் பெயர்த்துக்கொண்டு போன கதவு. அன்று அப்பா அதில் முதுகைக் கொடுத்து நின்றார். மார்ஜரி இரண்டு கையாலும் தாழ்ப்பாளை அமுக்கினாள். திரையில் தச்சன் கதவைச் சாத்தி, ஒரு விரலால் தட்டுகிறான். தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுகிறது. "பாத்தீங்களா மார்ஜரியக்கா, எவ்வளவு சுத்தமா விழுது!" மார்ஜரி கோப்பையின் அடியில் கரைந்து கிடக்கும் பிஸ்கட்டைப் பார்த்தபடி சொல்கிறாள்: "அன்னைக்கு விழல்ல, றமீஸா."