அடுத்த ரவுண்டும் கிளாரிசாவுக்கே

தோற்றால் அன்றே வெளியே என்கிற ரக்பி கோப்பைப் போட்டி அது. மகள் கிளாரிசா முதல் சுற்றோடு வீடு திரும்பிவிடுவாள் என்றுதான் எட்மண்ட் நினைத்திருந்தார். அவளோ ஒவ்வொரு சனிக்கிழமையும் சேற்றுக் காலோடு வந்து நின்று, "டாடி, அடுத்த ரவுண்டும் எனக்குக் கிடைச்சிருச்சு!" என்றாள்.

"அவ உசரத்துக்கு இதெல்லாம் வேணாம்லா. எலும்பு முறிஞ்சா என்னங்க பண்றது?" என்று கலங்கினாள் மனைவி பிரிஜட்.

"ஃபைனல் முடியட்டும். நான் பேசி நிறுத்திடறேன்." அந்த வீட்டில் எட்மண்டின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

இறுதியாட்டத்தன்று இருவரும் திடலுக்குப் போய் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்தார்கள். களத்தில் இறங்கிய இரண்டு அணியிலும் மலை மலையாய் ஆண்கள்.

"நம்ம பொண்ணு எங்கங்க? தண்ணி குடுக்கிற வேலையா?"

எட்மண்ட் பதில் சொல்வதற்குள் ஒரு மலை இன்னொரு மலையின் கழுத்தை வளைத்துச் சாய்த்தது. விசில் ஒலித்தது. அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். சாய்த்தவன் கைகளைப் பின்னால் கட்டி, தலை குனிந்து, "சாரி, மேடம்" என்றான்.

மலைகள் விலகின. அவன் நெஞ்சு உயரம்கூட இல்லாத நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தி, வெளியே போகச் சொல்லிக் கை காட்டினாள். கிளாரிசா!

அவன் வாய் திறக்காமல் நடந்தான். எட்மண்ட் திறந்த வாயை மூடவில்லை.

ஆட்டம் முடிந்ததும் சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். "டாடி, ஏதோ பேசணும்னு சொன்னீங்களாமே?"

எட்மண்ட் எழுந்தார். கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"ஒண்ணுமில்ல, மேடம்."