கெட்டி ரப்பர்

"அண்ணே, இது காரா, கிரைண்டரா?"

மகன் சாவியை மேஜைமேல் போட்ட வேகத்தில், அங்கே கிடந்த ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்தது.

மெக்கானிக் ஒரு வண்டியின் அடியிலிருந்து தலையை நீட்டினார். "என்ன தம்பி ஆச்சு?"

"போன வாரம் அம்மா வண்டிக்கு இன்ஜின் மவுண்ட் மாத்தினீங்களே, அதுதான் ஆச்சு. ஸ்டார்ட் பண்ணினா ஸ்டீயரிங் கையைக் குடையுது. சீட்டு நடுங்குது. கண்ணாடியில பின்னாடி வர்ற ஒரு வண்டி மூணா தெரியுது."

மவுண்ட் என்பது இன்ஜினைத் தாங்குகிற ரப்பர். அது மெத்தென்று இருந்தால் இன்ஜினின் நடுக்கம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. இந்த வண்டியில் உச்சி முதல் உள்ளங்கால் வரை தெரிந்தது.

"கம்பெனி ரப்பர் கிடைக்கலையா?"

"கிடைக்குது தம்பி."

"பழசு கிழிஞ்சிருந்துச்சா?"

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்தார். "இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு ரேஸ் வண்டிக்குப் போடற கெட்டி ரப்பரைக் கொண்டுவந்து மாட்டினீங்க?"

"அப்பாதான் போடச் சொன்னார். ரொம்ப அதிரும் சார்னு சொன்னேன். அதிரட்டும்னு சொல்லிட்டார்."

மகனுக்குச் சுருக்கென்றது.

அம்மா ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். துணிக் கட்டுகளைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். கார் இல்லையென்றால் அவளுடைய தொழிலும் இல்லை.

அவள் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அப்பா கேட்டருகில் வந்து முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பதை, லீவில் வந்த இந்த இரண்டு நாளில் அவனே பார்த்திருந்தான். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குக்கூட அவளிடம் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறார். முன்பெல்லாம் இப்படி இல்லை.

போனில் அப்பாவைக் கூப்பிட்டான்.

"அப்பா, நல்லா இருந்த ரப்பரை எதுக்குக் கழட்டச் சொன்னீங்க?"

"அது இருக்கட்டும். நீ அதைத் தொடாதே."

"அம்மாவுக்கு முதுகு போயிடும்."

"அதை அவ சொல்லட்டும்."

"நீங்க கத்தற கத்துல அவ எங்கே வாயைத் திறக்கறது?"

"துணியைக் கொடுத்துட்டு வீடு வந்து சேருங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

"கழட்டுங்க அண்ணே."

"அப்பா சொல்லாம நான் எப்படி..."

"வண்டி அம்மா பேர்ல இருக்கு. அம்மா சொன்னா கழட்டுவீங்க இல்ல?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அவங்க சொன்னா மறுபேச்சு இல்ல."

அம்மா ஒர்க்‌ஷாப் வாசலில், கொடுக்க வேண்டிய துணிக் கட்டுகளோடு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் குனிந்தான்.

"இறங்கும்மா. பழைய ரப்பரையே போட்டுடலாம்."

"வேண்டாம்."

"பயப்படாதே. அப்பாவை நான் பார்த்துக்கறேன். வண்டி பிடிக்காமப் போய் நீயே ஓட்டறதை விட்டுடணும்னுதான் இப்படிப் பண்ணியிருக்கார்."

அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். "உள்ள வா. கதவைச் சாத்து."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கொஞ்ச நாளா எனக்குக் காது சரியா கேக்கலடா."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள்.

"போன மாசம் சிக்னல்ல நிக்கறப்போ வண்டி ஆஃப் ஆயிடுச்சு. எனக்குத் தெரியல. பச்சை விழுந்ததும் மிதிக்கறேன், நகர மாட்டேங்குது. பின்னாடி ஒரு லாரி. ஹாரன் அடிச்சு ஓய்ஞ்சு போயிருக்கான் பாவம். இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினதுக்கப்புறம்தான் எனக்கு விஷயமே தெரிஞ்சது. இனிமே வண்டியைத் தொடறதில்லைன்னு முடிவே பண்ணிட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னா அடுத்த நிமிஷம் சாவியைப் பிடுங்கி வச்சுக்குவார். அந்த நேரத்துலதான், என்ன நினைச்சாரோ, இந்த ரப்பரை மாத்தினார். என் நல்ல நேரம். இப்ப வண்டி ஓடுதா நிக்குதான்னு என் கையே சொல்லிடுது. இதைக் கழட்டினா நான் வீட்டோட உட்கார வேண்டியதுதான்."

அவன் அவள் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, நிதானமாகச் சொன்னான். "நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"போலாம். கண் டாக்டர்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ. அவருக்கு மட்டும் தெரியக் கூடாது."

மகன் மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்குள் போனான். "கழட்ட வேண்டாம் அண்ணே. அம்மாவுக்கு இதுவே பிடிச்சிருக்காம்."

மெக்கானிக் வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில விடாதேன்னு அப்பா கேட்டுக்கிட்டார். ஆனா நீங்க அவரைத் தப்பா நினைச்சுக்கிட்டே ஊருக்குப் போகக் கூடாது தம்பி. 'அவளுக்குக் காது கேக்கல, வண்டி ஓடறது கையில தெரியற மாதிரி ஏதாவது செஞ்சு கொடு'ன்னு வந்து நின்னார். 'அதை அவங்ககிட்டயே சொல்லிட்டுச் செய்யலாமே சார்'னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா, அன்னிக்கே சாவியைக் கொண்டுவந்து என் கையில கொடுத்துட்டு உட்கார்ந்துடுவாப்பா'ன்னு சொன்னார்."