நற்சாட்சிப் பத்திரம்

காரியதரிசி சிதம்பரதாணுப் பிள்ளை கிளப்புக்குள் நுழைந்ததும், சற்குணம் பில்லியர்ட்ஸ் மேஜையைத் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கும்பிட்டான். அவர் அவனைப் பார்க்காதவர் போலத் தாண்டிப் போய்த் தம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

"பாத்தியா?" என்றார் வக்கீல் பூதலிங்கம், கோலின் நுனியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தபடி. "இன்னும் மனசு இளகல்ல."

சற்குணம் அந்தக் கிளப்பில் மார்க்கர். பந்தை எடுத்து வைப்பதும், புள்ளி சொல்வதும், மேஜையின் பச்சைத் துணியைப் பிரஷ்ஷால் நீவி வைப்பதும் அவன் வேலை. திருவனந்தபுரத்தில் அவனைப்போல் ஆடத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் மெம்பர்களுக்கு ஜோடி கிடைக்காத நாளில்தான் அவன் கைக்குக் கோல் வரும்.

பூதலிங்கம் மட்டும் ஜோடி இருந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார். கோர்ட்டு முடிந்து வரும்போது பழவங்காடியில் வடை வாங்கி, அவனுக்கும் ஒரு பொதி கொண்டுவருவார். போன வருஷம் அவன் ஜுரத்தில் கிடந்தபோது, கிளப்புக்குப் பின்னால் இருந்த அவனுடைய ஒற்றை அறைக்கு டாக்டரை அழைத்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த அறையில் குடும்பத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கிளப்பின் சட்டம். அதனால் மனைவி ராஜபாய் குழித்துறையில் தகப்பன் வீட்டிலேயே இருந்தாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சற்குணம் போய்வருவான். நாலு வயது மகள் அவனைக் கண்டால், யாரோ வந்திருக்கிறார்கள் என்று உள்ளே ஓடிச் சொல்வாள்.

அக்டோபரில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு பெரிய ஓட்டலில் மார்க்கர் வேலை. மனைவி மக்களோடு தங்க வீடும் உண்டு. இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு நற்சாட்சிப் பத்திரம் மட்டும் வேண்டும், பிப்ரவரி கடைசி வரை காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

காரியதரிசியிடம் கேட்கச் சற்குணத்துக்குப் பயம். பூதலிங்கம் தாமே கேட்பதாகச் சொன்னார். பிறகு முகம் வாடி வந்து, இவ்வளவு நல்ல மார்க்கரை அனுப்பப் பிள்ளைக்கு மனசில்லை என்றார். அதன் பிறகும் வக்கீல் முயற்சியை விடவில்லை. பல தடவை அந்த அறைக்குள் போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோடு வந்தார்.

ஒருநாள் சற்குணம், நானே போய்க் காலில் விழட்டுமா என்று கேட்டான்.

"நீ போய்க் காரியத்தைக் கெடுத்துராத. அவருக்க கோபம் உனக்குத் தெரியும்லா? நான் பாத்துக்கிடுதேன்."

அது மெய்தான் என்று சற்குணத்துக்குத் தோன்றியது. முன்பெல்லாம் பிள்ளை அவனைக் கண்டால் மகளைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரிப்பார். புது வருஷம் பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சு நின்றுபோயிருந்தது. கிளப்பை விட்டுப் போக நினைத்ததே அவருக்குக் குற்றமாகப் பட்டுவிட்டது போல.

கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்குப் போனபோது ராஜபாய் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். ஜனவரியில் போனபோது சோற்றுப்பானையை மட்டும் வெளியே எடுத்திருந்தாள். பிப்ரவரியில் சாக்கு மடித்து மூலையில் கிடந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து தன் அறையில் படுத்தால், நான்கு சுவரும் நெருங்கி வருவதுபோல் இருந்தது.

ஆனாலும் சாயங்காலம் ஆனால் மேஜைக்கு வந்துவிடுவான். வருஷாந்தரக் கோப்பைப் பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்றுப் பழகிய பூதலிங்கத்துக்கு அவன் தினமும் பழக்கிக் கொடுத்தான். சிவப்புப் பந்தை எங்கே தொட்டால் எங்கே போகும் என்று அவர் கையைப் பிடித்துக் காட்டினான். தனக்காக அலைகிற மனிதருக்கு அவனால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மார்ச் முதல் வாரம் பூதலிங்கம் கோப்பையை ஜெயித்தார். மெம்பர்கள் கை குலுக்க வந்தபோது, அத்தனை பேருக்கும் முன்னால் மார்க்கரைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"இது உனக்கு உள்ளதுடே. நீ இல்லாம எனக்கு ஏது கப்பு?"

சற்குணத்தால் சிரிக்க முடியவில்லை. அன்று மத்தியானம்தான் கொழும்பிலிருந்து தபால் வந்திருந்தது. பத்திரம் வந்து சேராததால் வேறொருவரை நியமித்துவிட்டார்களாம்.

இனி இழக்க ஒன்றுமில்லை என்றானதும் பயமும் போய்விட்டது. கூட்டம் கோப்பையைச் சுற்றி நின்றபோது அவன் ஒதுங்கிப் போய், காரியதரிசியின் அறைக்கதவைத் தானே திறந்தான்.

"கொழும்பு வேலை போச்சு ஐயா. இனி நான் எங்கயும் போகல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும். எனக்கு ஒரு கடிதாசு எழுதித் தராத அளவுக்கு நான் என்ன குத்தம் செய்தேன்?"

சிதம்பரதாணுப் பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. வருத்தப்பட வேண்டியவர் தாம்தான் என்றும், எழுதி வாங்கிக்கொண்டு ஒரு நன்றி சொல்லக்கூட வராதவன் அவன்தான் என்றும் சொன்னார்.

தன் கைக்கு எந்தக் கடிதாசும் வரவில்லையே என்றான் சற்குணம். பிள்ளை அவனை உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே எழுதி வக்கீல் கையில குடுத்தேனே, அவரு தரல்லியா?"