பூச்சி அரித்த இலை

மிக்ஸி ஓடி நின்றது. மருமகள் மூடியைத் திறந்து ஜாருக்குள் எட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் அரைபட்டிருந்தது, ஆனால் பச்சை போதவில்லை.

"உப்பு பாத்தியாம்மா?" என்றாள் மாமியார், கூடத்திலிருந்து.

"குளிக்கிற ஸ்பாஞ்சுக்கு எதுக்கு அத்தை உப்பு?"

இருவரும் சிரித்தார்கள். ஸ்பாஞ்சைப் பச்சைச் சாயத்தோடு அரைத்துக் காயவைத்தால் பொம்மை வீட்டுத் தோட்டத்துக்குப் புதர் தயார். கம்பியை முறுக்கினால் மரம். பற்பசை மூடியைக் கவிழ்க்காமல் வைத்தால் பூந்தொட்டி.

சாப்பாட்டு மேஜையைத் தோட்டம் பிடித்துக்கொண்டதால் வீட்டில் எல்லோரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். கணவன் தினமும் முணுமுணுத்தான். மாமியார் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்றும் வந்து உட்கார்ந்தவள், கத்தரிக்கோலை எடுத்தாள். "நானும் ரெண்டு இலை வெட்டித் தரட்டுமா?"

"வேண்டாம் அத்தை. போட்டிக்குப் போற சாமான். உங்க கை நடுக்கத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது."

"அதுவும் சரிதான்" என்று மாமியார் கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். மருமகள் தலை நிமிரவே இல்லை. அடுத்த புதருக்குப் பசை தடவப் போய்விட்டாள்.

பொம்மைக் கடைக்காரர் வருடா வருடம் நடத்தும் போட்டி அது. தொடர்ந்து ஜெயித்து வருபவள் ஒரு நர்ஸ். இந்தத் தடவை அவளை மண்ணைக் கவ்வ வைப்பதென்று மருமகள் கங்கணம் கட்டியிருந்தாள்.

போட்டியன்று, தானும் வருவேன் என்று மாமியார் அடம்பிடித்துக் கிளம்பி வந்தாள். கடை மாடியில் வரிசையாக மேஜைகள். தோட்டங்களை முந்தின நாளே வாங்கி அடுக்கியிருந்தார்கள். யாருடையது என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதால் எதிலும் பெயர் கிடையாது, வெறும் எண்தான்.

மருமகளின் தோட்டம் அப்போதுதான் முடி வெட்டிக்கொண்ட தலை மாதிரி கச்சிதமாக இருந்தது. ஆனால் கூட்டமெல்லாம் பக்கத்து மேஜையில் மொய்த்தது.

அங்கே ஒரு சின்னச் சுவர். அதன்மேல் தையல் நூலில் ஒரு கொடி. இலைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் கோணல்மாணலாக வெட்டப்பட்டிருந்தன. சில பழுத்திருந்தன. ஒன்றில் ஊசியால் குத்திப் பூச்சி அரித்த ஓட்டைகூடப் போட்டிருந்தார்கள்.

"தண்ணி ஊத்தலாம் போல இருக்கே" என்றார் யாரோ. கொடியை ஒட்டி நின்று நர்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுடையதுதான், வேறு யாருக்கு இந்தக் கை வரும்? மருமகளுக்கு வயிறு எரிந்தது.

நடுவர்கள் வந்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, கூட்டம் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது. மருமகள் நகரவில்லை. குனிந்து பார்ப்பதுபோல் குனிந்தாள். கொடியின் நுனியை நகத்தால் நெம்பி ஓர் இழு இழுத்தாள். அவ்வளவுதான், மொத்தக் கொடியும் சுவரை விட்டுப் பெயர்ந்து சுருண்டு விழுந்தது.

விரலில் ஓர் இலை ஒட்டிக்கொண்டது. உதறினாள், போகவில்லை. கையைக் கைப்பைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு திரும்பினால், இரண்டு மேஜை தள்ளி மாமியார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தாள். நல்லவேளை, பார்த்திருக்க மாட்டாள்.

முதலில் கவனித்தது நர்ஸ்தான். "அடப்பாவமே, யாரோ பிச்சுப் போட்டிருக்காங்களே" என்றவளுக்குக் குரல் உடைந்தது. "என்னோடது போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. இது யார் பண்ணினதோ, உயிரைக் கொடுத்துப் பண்ணியிருக்காங்க."

மருமகள் சுருண்டு கிடந்த கொடியைத் திரும்பப் பார்த்தாள், இது நர்ஸுடையது இல்லை. நர்ஸுடையது என்றால் ஆத்திரத்தில் செய்தேன் என்றாவது மனத்துக்குச் சமாதானம் சொல்லியிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய உழைப்பை, குழந்தைகூடச் செய்யத் துணியாத வேலையைச் செய்து, கெடுத்துவிட்டு நிற்கிறாள்.

கடைக்காரர் வேகமாக வந்தார். "யாருங்க இதைத் தொட்டது? எல்லாரும் அந்தப் பக்கம் போனப்ப இங்க யார் இருந்தீங்க?"

"இவங்க மட்டும்தான் நின்னுட்டிருந்தாங்க" என்றது ஒரு குரல்.

எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பின. நான்தான் என்று சொல்லிவிட வாயெடுத்தாள். ஆனால் கையைக் கைப்பைக்குப் பின்னால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மருமகள் ஒளித்து வைத்திருந்த கையைத் தேடிப் பிடித்து, விரல்களை மடக்கித் தன் கைக்குள் மூடிக்கொண்டாள். அவள் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, குரல் நடுங்கவில்லை.

"அவளை எதுக்குங்க கேக்கறீங்க? அது நான் பண்ணின கொடி, நானேதான் பிச்சுட்டேன்."